மன்னிக்காத ஒருத்தியின் கதை இருக்கிறதா

அவளுக்கு மழைச் சத்தத்தை அனுப்பினார்கள். இதைச் சொன்னால் கேட்பவர்கள் விளங்காமல் என் முகத்தைப் பார்க்கிறார்கள். அதனால் முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

அனிமே என்கிற ஜப்பானியக் கார்ட்டூன் தொடர்களைப் பார்க்கிற தமிழர்களின் குழு ஒன்று போனில் இருக்கிறது. கண்டி, மாத்தளை, ஹட்டன் பக்கத்துப் பிள்ளைகள்தான் அதிகம். கடல் தாண்டிப் போனவர்களும் இருக்கிறார்கள். ஒரு தொடரைப் பார்த்து முடித்தவர் "இது மாதிரி வேற என்ன இருக்கு?" என்று கேட்பார், மற்றவர்கள் பதில் சொல்வார்கள், அவ்வளவுதான் குழுவின் வேலை. நாற்பதை எட்டிய பெண் என்று அதில் நான் ஒருத்தி மட்டுமே. கண்டியில் ஒரு இரத்தப் பரிசோதனை நிலையத்தில் கவுண்டரில் இருக்கிறேன். கட்டுகஸ்தோட்டையிலிருந்து போகும்போதும் வரும்போதும் பஸ்ஸில் பார்ப்பேன், பதிலும் பஸ்ஸிலிருந்தே எழுதுவேன். தொடர்களின் பெயர்களை இங்கே எழுதவில்லை. பார்த்தவர்களுக்குக் கதையைச் சொன்னாலே தெரிந்துவிடும், பார்க்காதவர்களுக்குப் பெயரைச் சொல்லியும் பிரயோசனமில்லை.

அந்தக் குழுவில் எனக்கு நெடுநாளாகவே ஒரு எரிச்சல் இருந்தது. ஒருவர் வாள் சண்டைத் தொடரைப் பார்த்துவிட்டு வந்தால் உடனே இன்னும் பத்து வாள் சண்டைகளைக் கொட்டுவார்கள். பள்ளிக்கூடக் கதை என்றால் பள்ளிக்கூடக் கதை. பேய் என்றால் பேய். ஒரு தடவை ஒருவர், தம்பியைத் தோளில் சுமந்துகொண்டு ஊர் ஊராகப் போகும் வாள் வீரனின் கதையைச் சொல்லி, அது மாதிரி வேண்டும் என்றார். நான் அவருக்குப் பேக்கரி நடத்தும் ஒரு அக்காவின் கதையைச் சொன்னேன். அப்பா அம்மா இல்லாத வீட்டில் தங்கச்சிக்காகப் பாண் சுடுகிறவள் அவள். "அக்கா, இதுல வாளே இல்லையே" என்று சிரிப்புப் பொம்மை போட்டார். ஒரு வாரம் கழித்துத் தனியாக எழுதினார்: "அக்கா, என்னையும் எங்கண்ணன்தான் வளத்தாரு. உங்களுக்கு எப்புடித் தெரிஞ்சுச்சு?" எனக்கு ஒன்றும் தெரியாது. எந்த இடத்தில் நிறுத்திவிட்டுத் திரும்பப் பார்த்தீர்கள் என்று முதலிலேயே கேட்டிருந்தேன், அவர் சொல்லியிருந்தார். மனிதர் எந்த இடத்தில் நின்றார் என்று தெரிந்தால் அடுத்தது எது என்பது தானாக வரும். அதைக் கேட்கத்தான் ஒருவருக்கும் பொறுமை இல்லை.

மலைநாடெங்கும் மண் சரிந்த அந்தப் பெருமழைக்குப் பிறகு கொஞ்ச நாள் குழு அமைதியாகக் கிடந்தது. கரண்ட் இல்லை, சிக்னல் இல்லை, பாதைகள் இல்லை. ஒவ்வொருவராக வந்து "நாங்க இருக்கோம்" என்று எழுதினார்கள். அதன் பிறகு ஒரு நாள் கம்பளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை ஒருத்தி எழுதினாள். இருபது வயதைத் தாண்டியவள், கம்பளை டவுனில் துணிக்கடையில் வேலை. மலை சரிந்து அவர்கள் இருந்த லயத்து வரிசை வீடுகள் போய்விட்டன, ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கியிருக்கிறோம் என்று எழுதியிருந்தாள். அடுத்த வரியில், "அணைக்கட்டுத் தண்ணியில கிராமம் முழுகிப்போற தொடர் ஒன்னு இருக்குல்ல, அது மாதிரி வேற ஏதாவது சொல்லுங்க" என்று கேட்டிருந்தாள்.

பதில்கள் வந்து குவிந்தன. பாவம், நல்ல மனதோடுதான் அனுப்பினார்கள், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அனுப்பியது என்ன? மனதுக்கு இதம் தரும் தொடர்களாம். பச்சை மலை, மூடுபனி, மலையடிவாரத்தில் ஒரு மர வீடு, அடுப்பில் கேத்தல், யன்னலோரம் ஒரு பூனை, வெளியே தகரக்கூரையில் சடசடவென்று மழை. "இந்தத் தொடர்ல மழைச் சத்தம் செம்மையா இருக்கும், ஹெட்போன் போட்டுக் கேளுங்க" என்று ஒருவர் எழுதினார். அதன் கீழே இருபது முப்பது பேர் இதயம் போட்டிருந்தார்கள்.

மலை இடிந்து மழையோடு வந்து மூடியதில் வீட்டை இழந்த ஒருத்திக்கு மலையையும் மழையையும் அனுப்பினார்கள்.

பஸ்ஸில் நின்றபடி அதைப் படித்தேன். "ஒருத்தராவது அந்தப் பிள்ளையிடம் என்ன வேணும்னு கேட்டீங்களா?" என்று எழுதினேன். குழுவை நடத்துகிறவர், முப்பது வயதுக்காரர், கண்டியில் விளம்பரங்கள் வடிவமைக்கிறவர், உடனே பதில் போட்டார்.

"அக்கா, இப்ப நெகட்டிவ் வேணாமே. எல்லாரும் பாசிட்டிவா இருப்போம்."

அன்று பின்னேரமே அவளுடைய செய்தியைப் படமெடுத்து, பெயரோடு, ஒரு போஸ்டராக்கி அவருடைய பக்கத்தில் போட்டிருந்தார். மேலே "பாதிக்கப்பட்ட உறவுகளுக்கு எங்கள் குழுவின் ஆறுதல் தொடர்கள்" என்று எழுத்து. பின்னணியில் பனிமூட்டத்தோடு ஒரு மலை.

நான் அந்தப் பிள்ளைக்குத் தனியாக எழுதினேன். எல்லோரையும் கேட்கிற கேள்வியைத்தான் அவளையும் கேட்டேன்: "அந்தத் தொடர்ல எந்த இடத்துல நிப்பாட்டித் திரும்பப் பாத்தீங்க?"

அவள் எழுதவில்லை, குரலை அனுப்பினாள். பின்னால் நிறையப் பேர் பேசும் சத்தமும் தட்டுகள் வைக்கிற சத்தமும் கேட்டன.

"அக்கா, நானும் பக்கத்து வீட்டுப் பிள்ளையும்தான் எல்லாத்தையும் பாப்போம். அவகிட்ட போன் இல்ல, என் போனுதான். ஹெட்போன்ல ஒரு பக்கம் அவ, ஒரு பக்கம் நான். அந்தத் தொடர்ல, ஊரைக் காலி பண்ணச் சொல்லி ஆபீஸர் வருவாருல்ல, அந்த வயசான அம்மா சிரிச்சுத் தேத்தண்ணி குடுக்கும். அப்ப அந்தப் பொண்ணு மட்டும் எந்திரிச்சு, 'எங்களுக்கு எடத்தக் காட்டிட்டு அப்புறம் காலி பண்ணச் சொல்லுங்க'ன்னு கத்துவா. அந்த எடத்தத்தான் திரும்பத் திரும்பப் போட்டுப் பாத்தோம். எங்க லயத்துக்குப் பின்னாடி மலையில வெடிப்பு வந்திருந்துச்சு அக்கா. சொன்னோம். ஆபீஸ்லருந்து வந்து பாத்தாங்க. மழை பெஞ்சா வேற எடத்துக்குப் போங்கன்னு சொல்லிட்டுப் போனாங்க. எந்த எடம்னு சொல்லல. அவ இல்ல இப்ப. அவளும் அவங்கம்மாவும்."

பிறகு சொன்னாள்:

"எல்லாரும் ஆறுதலா அனுப்புறாங்க. எனக்கு ஆறுதல் வேணாம் அக்கா. கோவப்படுற ஒருத்தி வேணும். அவள யாரும் சாந்தமா இருன்னு சொல்லக்கூடாது. அப்புடி ஒன்னு இருக்கா?"

கவுண்டரில் ஆட்கள் வரிசையில் நின்றார்கள். நான் உள்ளே போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அதன் முன்னால் நின்றேன்.

நான் அனிமே பார்க்கத் தொடங்கியதே ஒரு கோபத்தில்தான். என் இரண்டாவது பிள்ளை வயிற்றில் ஏழாம் மாதத்தில் போனது. அசைவு குறைகிறது என்று நான் ஆஸ்பத்திரியில் போய்ச் சொன்னேன். திரும்பவும் போய்ச் சொன்னேன். பயப்படுகிற சுபாவம் என்றார்கள். எல்லாம் முடிந்த பிறகு வீட்டுக்கு வந்தவர்கள் ஒவ்வொருவரும் "மனச சாந்தமா வச்சுக்கங்க" என்றார்கள். சாந்தம், சாந்தம், சாந்தம். ஒருவராவது "அவர்கள் கேட்காமல் விட்டது தப்பு" என்று சொல்வார்களா என்று காத்திருந்தேன். வேலைக்குத் திரும்பியபோது, என்னோடு கவுண்டரில் இருக்கும் அக்குறணைக்காரி, என் வயதுக்காரி, சாப்பாட்டு நேரத்தில் கேட்டாள்: "உங்களுக்கு அழணுமா, ஏசணுமா?" ஏசணும் என்றேன். "அப்ப எனக்கிட்ட ஒன்னு ஈக்கி" என்று தன் ஊர்ப் பேச்சில் சொல்லிப் போனை நீட்டினாள். குத்துச்சண்டை கற்றுக்கொள்ளும் ஒரு விதவையின் தொடர். அதைப் பார்த்துத்தான் நான் மறுபடி சாப்பிடத் தொடங்கினேன். அதனால் அந்தப் பிள்ளை கேட்டது எனக்கு விளங்கியது.

ஆனால் தேடத் தொடங்கியபோதுதான் அடுத்த ஆத்திரம் வந்தது. கோபக்காரிகள் இல்லாமல் இல்லை. நிறைய இருக்கிறார்கள். நெருப்பாய்ப் புறப்படுகிறார்கள், மேசையைப் புரட்டுகிறார்கள், கோட்டைக் கதவை உதைக்கிறார்கள். கடைசி எபிசோட் வந்ததும் எல்லோரும் மன்னித்துவிடுகிறார்கள். அந்தக் குத்துச்சண்டை விதவையும் மன்னித்தாள். முதல் தடவை பார்த்தபோது அதை நான் கவனிக்கவேயில்லை, இப்போது பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது. ஒருத்தி பூப்பறித்துக் கொடுக்கிறாள். ஒருத்தி எதிரியின் தலையை மடியில் வைத்து அழுகிறாள். ஒருத்தி, இத்தனை நாள் கோபப்பட்டது தன்னுடைய பலவீனம் என்று வானத்தைப் பார்த்துச் சொல்கிறாள். ஆண்கள் பழி வாங்கிவிட்டுச் சூரிய அஸ்தமனத்தைப் பார்த்து நடக்கலாம். பெண்ணுக்கு மட்டும் கோபம் ஒரு காய்ச்சல், கதை முடிவதற்குள் குணமாகிவிட வேண்டும். எவர் எழுதி வைத்த சட்டம் இது?

பின்னேரம் வீட்டில் இதையே சொல்லிப் பொருமிக்கொண்டிருந்தேன். என் கணவர் பத்திரிகையை மடித்துவிட்டுப் பார்த்தார்.

"பொம்மைப் படத்துக்கா இப்புடிப் பல்லக் கடிக்கிற?"

"பொம்மைப் படத்துக்கில்ல."

எதற்கு என்று அவருக்குத் தெரியும். எழுந்து போய் இரண்டு கோப்பை பால் விடாத பிளேன்டி ஊற்றிக்கொண்டு வந்து வைத்தார்.

தேடித் தேடி ஒன்றைக் கண்டுபிடித்தேன். பழைய தொடர். கோடுகள் நடுங்கும், வண்ணங்கள் மங்கல். ஒரு மீன்பிடித் துறைமுகத்துப் பெண். ஓட்டைப் படகு என்று தெரிந்தும் முதலாளி அனுப்பியதில் அவளுடைய புருஷன் மூழ்கிப்போகிறான். ஒவ்வொரு எபிசோடிலும் அவள் கம்பனி அலுவலகத்துக்குப் போகிறாள். கதிரையில் உட்காருகிறாள். கேட்கிறாள். வெளியேற்றப்படுகிறாள். மறுபடி போகிறாள். பாட்டில்லை, சண்டையில்லை, அழகான மழையும் இல்லை. கடைசியில் முதலாளி வந்து தலை குனிந்து நிற்கிறான். அவள் அவனைப் பார்த்து, "நான் உன்னை மன்னிக்கமாட்டேன், நாளைக்கும் வருவேன்" என்று சொல்லிவிட்டுப் போய்ச் சூப்புக் கடையில் உட்கார்ந்து வயிறு நிறையச் சாப்பிடுகிறாள். அத்தோடு முடிகிறது.

அந்தத் தொடருக்கு ஆங்கில சப்டைட்டில் மட்டும்தான் இருந்தது. அவளுக்கு ஆங்கிலம் வேகமாக வாசிக்க வராது. ஆகவே நானே தமிழில் அடித்தேன். போகும் பஸ்ஸில், வரும் பஸ்ஸில், கவுண்டரில் ஆள் இல்லாத நேரத்தில். அக்குறணைக்காரி பக்கத்திலிருந்து வாசித்துப் பார்ப்பாள். "தயவுசெய்து எழுந்து செல்லுங்கள்" என்று அதிகாரி சொல்வதாக நான் அடித்ததைப் பார்த்து, "எங்கட ஆபீஸ்கள்ல எவன் இப்புடிப் பேசுறான்?" என்றாள். வெட்டிவிட்டு, "இன்னைக்குப் போய் நாளைக்கு வாங்க" என்று அடித்தேன். அடிக்கும்போது சிரிப்பும் வந்தது, கண்ணிலிருந்து தண்ணீரும் வந்தது. முடித்து அனுப்பினேன். "கெடச்சுச்சு அக்கா" என்று மட்டும் பதில் வந்தது.

பிறகு குழுவை நடத்துகிறவர் ஒரு விழா அறிவித்தார். கண்டியில் ஒரு மண்டபத்தில், ஞாயிறு காலை. வேடம் போட்டு வருவார்கள், படம் வரைவார்கள், பெரிய திரையில் அனிமே ஓடும். "அனிமே தந்த ஆறுதல்" என்ற தலைப்பில் பாதிக்கப்பட்ட இளையோரும் பேசுவார்கள் என்று போட்டிருந்தது. அவளையும் இன்னும் சிலரையும் கம்பளையிலிருந்து வேனில் கூட்டி வருவதாக ஏற்பாடு. "போறீங்களா?" என்று கேட்டேன். "சாப்பாடு குடுக்குறாங்களாம் அக்கா, வெளிய வந்து நாளாச்சு" என்றாள். நானும் போனேன்.

அவளை முதன்முறையாக அங்கேதான் பார்த்தேன். நான் நினைத்ததைவிட உயரம். கடையில் கொடுத்திருந்த யூனிபோர்ம் பிளவுஸையே போட்டிருந்தாள். நீல விக்கும் அட்டை வாளும் நடமாடும் மண்டபத்தில், முன்வரிசையில் அவளோடு ஏழெட்டுப் பேர் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும், "போட்டோவவிட மெலிஞ்சிருக்கீங்க அக்கா" என்றாள். பின்வரிசையில் இடம் பிடித்தேன்.

விளக்கை அணைத்துத் திரையில் தொடரை ஓடவிட்டார்கள். அதே தொடர். பச்சை மலை, மூடுபனி, மர வீடு. பெரிய ஸ்பீக்கர்கள் இரண்டு பக்கமும். முதலில் ஒரு இடி உருண்டது. பிறகு மண்டபம் முழுக்க மழை.

முன்வரிசையில் ஒரு பெண் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு எழுந்து, இருட்டில் கதிரைகளில் இடித்துக்கொண்டு வெளியே ஓடினாள். அந்தப் பிள்ளை கதிரையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, திரையைப் பார்க்காமல் மண்டபத்தின் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் ஏன் கூரையைப் பார்த்தாள் என்று அங்கே யாருக்காவது தோன்றியதா? பின்னால் சிலர் "வாவ்" என்றார்கள்.

நான் எழுந்து மேடை ஓரத்தில் நின்ற குழு நடத்துகிறவரிடம் போனேன்.

"நிப்பாட்டுங்க தம்பி."

"அக்கா, இன்னும் ரெண்டு நிமிஷந்தான். இதுக்கப்புறம்தான் அந்த பியூட்டிஃபுல் சீன்."

"முன்னுக்கு இருக்கிறவங்களப் பாருங்க. நிப்பாட்டுங்க."

"அவங்களுக்காகத்தானே அக்கா போடுறோம்!"

மேசையில் மடிக்கணினி இருந்தது. நான் அதை மூடினேன். டப்பென்று சத்தம் கேட்கிற அளவுக்கு மூடினேன். மழை நின்றது. விளக்கைப் போட்டார்கள். பின்னாலிருந்து "ஊ" என்று கூச்சல். அவர் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. ஏதோ நான் அவருடைய கலியாண வீட்டில் பந்தலைப் பிடுங்கிவிட்டேன் என்பது போல. ஒலிவாங்கியை எடுத்துச் சிரித்தபடி சொன்னார்:

"மன்னிக்கணும், சின்ன ஒரு டெக்னிக்கல் கோளாறு."

"கோளாறு இல்ல." அவள் எழுந்து நின்றிருந்தாள். கையில் ஒலிவாங்கி இல்லை, ஆனாலும் மண்டபத்துக்கே கேட்டது. "நான்தான் நிப்பாட்டச் சொன்னேன்."

அவள் சொல்லவேயில்லை. என்னை அவர்கள் முன்னால் தனியாக நிற்கவிடாமல் அப்படிச் சொன்னாள்.

"அந்தச் சத்தம் கேட்டா நாங்க உக்காந்திருக்க மாட்டோம், எந்திரிச்சு ஓடுவோம். ஒருத்தராவது கேட்டீங்களா? ஆறுதல் கெடச்சுச்சுன்னு பேசச் சொல்லித்தான கூட்டி வந்தீங்க. எனக்கு ஆறுதல் கெடைக்கல. எனக்குக் கோவமா இருக்கு. வெடிப்பு இருக்குன்னு நாங்க சொன்னோம். எங்க போறதுன்னு கேட்டோம். அதத்தான் பேசணும். பேச விடுறீங்களா?"

அவர் ஒலிவாங்கியைக் கையிலேயே வைத்துக்கொண்டு, "கண்டிப்பா, உங்க வலி எங்களுக்குப் புரியுது, ஆனா இது அரசியல் மேடை இல்ல, தங்கச்சி" என்றார். அடுத்து வேடப் போட்டி என்று அறிவித்தார். பாட்டுப் போட்டார்கள். அவள் இன்னும் நின்றுகொண்டிருந்தாள். நீல விக் போட்ட ஒரு பிள்ளை மட்டும் ஓரத்தில் கைதட்டினாள், அதுவும் பாட்டுச் சத்தத்தில் கேட்கவில்லை.

நாங்கள் வெளியே வந்துவிட்டோம். ஓடிப்போன பெண் படியில் உட்கார்ந்திருந்தாள். அவளையும் கூட்டிக்கொண்டு மூன்று பேருமாகக் குட்ஷெட் பஸ் நிலையத்துப் பக்கம் நடந்து, ஒரு கடையில் ரோல்ஸும் பிளேன்டியும் எடுத்தோம். நான் இன்னும் ஆறவில்லை, அந்தத் தம்பியைப் பற்றித் திட்டித் தீர்த்துக்கொண்டிருந்தேன். அவள் தேத்தண்ணியை ஊதிக் குடித்துவிட்டுச் சொன்னாள்:

"நீங்க அனுப்புனத முடிச்சிட்டேன் அக்கா. அவளுக்குப் புடிச்சிருக்கும்."

இறந்துபோன தோழியைத்தான் சொன்னாள் என்று விளங்க எனக்கு ஒரு கணம் ஆனது.

"ஹெட்போன் ரெண்டு பக்கமும் நானே போட்டுக்கிட்டுப் பாத்தேன். முதல்ல ஒரு மாதிரி இருந்துச்சு. அப்புறம் அந்த ஆபீஸர் 'இன்னைக்குப் போய் நாளைக்கு வாங்க'ன்னாரா, சிரிச்சிட்டேன். பக்கத்துல படுத்திருந்தவங்கல்லாம் என்னான்னு கேட்டாங்க. இப்ப எல்லாரும் பாக்குறாங்க."

அன்றைக்கே என்னைக் குழுவிலிருந்து எடுத்துவிட்டார்கள். இத்தனை வருஷம் நான் எழுதிய பதில்கள் எல்லாம் அதற்குள்ளே கிடக்கின்றன. அடுத்த நாள் அந்தத் தம்பியிடமிருந்து செய்தி வந்தது: "மனசு புண்பட்டிருந்தால் மன்னிக்கவும் அக்கா." இருந்தால்! அந்த ஒரு சொல்லுக்காகவே நான் பதில் போடவில்லை. இப்போதும் போடவில்லை. விழாவின் படங்களில் அவள் உட்கார்ந்திருக்கும் படத்தை மட்டும் போட்டு, "புன்னகையோடு மீண்டவர்கள்" என்று எழுதியிருந்தார். அவள் அந்தப் படத்தில் புன்னகைக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறாள்.

போன மாதம் அவள் போன் எடுத்துப் பேசினாள். பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்த பெண்களில் பன்னிரண்டு பேர் சேர்ந்து அரசாங்க அலுவலகத்துக்குப் போயிருக்கிறார்கள். வீடு கட்டக் காணி எப்போது, எங்கே தருவீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். சம்பந்தப்பட்டவர் லீவு என்றார்களாம். மற்ற வாரமும் போனார்கள். மீட்டிங் என்றார்களாம். மூன்றாம் முறை ஒரு ஐயா வெளியே வந்து, தமிழும் சிங்களமும் கலந்து, "பிள்ளைகள், கொஞ்சம் சாந்தமா இருங்க" என்றிருக்கிறார்.

"நீ என்ன சொன்ன?" எந்த நேரத்தில் நான் அவளை 'நீ' என்று கூப்பிடத் தொடங்கினேன் என்று தெரியவில்லை.

"மாட்டோம்னு சொன்னேன் அக்கா. எல்லாரும் அங்கயே உக்காந்துட்டோம். பூட்டுற நேரத்துலதான் எந்திரிச்சோம்."

காணி இன்னும் கிடைக்கவில்லை. கிடைக்கும் என்று எழுதி இதை முடிக்க எனக்கு மனமில்லை. வருகிற திங்களும் அவர்கள் போகிறார்கள். நான் லீவு கேட்டிருக்கிறேன். அக்குறணைக்காரியும் வருவதாகச் சொல்கிறாள், உட்காரக் கதிரை போதுமா என்றுதான் கேட்டாள்.